சுறாப் பல்லுத்தான்

கொழும்பு வெள்ளவத்தைக்கு நாங்கள் குடிவந்த அன்று, சாமான் பெட்டியைப் படிக்கட்டில் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த மனிதர் என்னைப் பார்த்து நின்றார். "இடப்பக்கத்தாலை சப்புறேல்லை, என்ன பிள்ளை?" என்றார். கொழும்பில் ஒரு தமிழர் இன்னொரு தமிழரைக் கண்டால் முதலில் எந்த ஊர் என்று கேட்பார், அடுத்ததாக அந்த ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்பார். இவர் என் கடைவாய்ப் பல்லை விசாரித்தார். அந்தப் பல் ஒரு மாதமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பிடுங்கச் சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில் என் கணவருக்குக்கூட நான் அதைச் சொல்லவில்லை.

அவர் பல் கட்டுபவர். பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் தன் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து பொய்ப்பல் செய்து கொடுப்பார். "உந்த ரோட்டிலை சிரிக்கிற வாயளிலை பாதி என்ரை" என்று சொல்லிக்கொள்வார். யாரோடு கதைத்தாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். தன் வாயை மட்டும் யாருக்கும் காட்ட மாட்டார். சிரிப்பு வந்தால் கை தானாக எழுந்து வாயை மறைத்துவிடும். அத்தனை வருசப் பழக்கத்தில் அவருடைய பற்களை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பல்லைக் கடைசியில் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது. பதில் பல்லை அவர்தான் செய்து தந்தார். பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ளும் கம்பியின் முனையை மற்றவர்கள் அரத்தால் தேய்த்து விட்டுவிடுவார்களாம். இவர் அந்த முனையைச் சுருட்டிக் கடுகளவு வளையமாக்கிவிடுவார். "தேய்ச்ச முனை ஒரு நாளைக்குப் பல்லு முரசிலை குத்தும். மடக்கினது குத்தாது" என்றார். கொழும்பில் வேறு யாரும் அந்த மினக்கேடு படுவதில்லை என்பது அவருடைய பெருமை. இதை எழுதும்போதும் என் நாக்கு அந்த வளையத்தைத் தொட்டுப் பார்க்கிறது.

எனக்கு வாய் சும்மா இருக்காது. வீட்டில் என்னை ரேடியோ என்பார்கள். ஒரு சங்கதி என் காதில் விழுந்தால் மாலைக்குள் அது ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் அவர் கடற்கரையில் என்ன தேடினார் என்பதையும் ஒளித்து வைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரறியத் தேடியது சுறாப் பல். உண்மையில் தேடியது தன் மகனின் பல்.

ஒரே மகன். கிரிக்கெட் பந்து பட்டு முன்பல் ஒன்று போய்விட, தகப்பன் செய்து கொடுத்த பல்லைப் போட்டுக்கொண்டு திரிந்தவன். யுத்தம் நடந்த அந்தக் கெட்ட வருசங்களில், ஒரு மத்தியானம், ஒழுங்கை முகப்பில் இருந்த டெலிபோன் கடைக்குப் போனான். அங்கே வேலை செய்த மலையகத்துப் பையன் அவனுக்குக் கூட்டாளி. ஒரு வான் வந்து நின்றது. இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டு வீட்டாரும் படத்தைத் தூக்கிக்கொண்டு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. இரண்டு பேரும் திரும்பி வரவில்லை. சில வருசம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் அவருடைய வீட்டுக் கதவைத் தட்டி, அப்படிக் கொண்டு போனவர்களைக் கடலில் இறக்கினார்கள் என்று கேள்விப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெயரும் சொல்லவில்லை, பிறகு வரவும் இல்லை. அதை அவர் தன் மனைவியிடம் சொல்லவில்லை. அந்த அன்ரி இன்றைக்கும் மகனின் சேட்டுகளை மாதம் ஒரு முறை தோய்த்து ஸ்திரிக்கை போட்டு அடுக்குகிறவ.

மலையகத்துப் பையனின் தாய் எங்கள் ஒழுங்கை முகப்பில் இடியப்பம் விற்கிறா. கிருலப்பனையிலிருந்து விடியவே வந்து மேசை போடுவா. இடியப்பம், சம்பல், சொதி. எல்லாப் பொதியும் முடிந்தாலும் ஒரு பொதியை மட்டும் தட்டால் மூடி வைத்திருப்பா. யார் கேட்டாலும் அது முடிந்துவிட்டது என்பா. பத்து மணிக்குப் பிறகு தானே பிரித்துக் காகத்துக்குப் போட்டுவிட்டு மேசையை மடக்குவா.

நாங்கள் வந்து சில வருசங்களில், இரத்மலானைப் பக்கம் கரை அரித்துப் போகிறது என்று, ஆழக்கடலிலிருந்து மண்ணை உறிஞ்சி எடுத்துக் கரையில் கொட்டினார்கள். அலை அந்த மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கமும் இழுத்து வந்தது. பழைய மணல் வெளிர் நிறம். இது செம்மண் கலந்த நிறம், சிப்பி உடைசல் நிறைந்தது. அதில்தான் சுறாப் பற்கள் வந்தன. கறுத்துப்போய், கல்லாய்ப்போய், விரல் நகமளவில். முதல் பல்லை என் மகள் எடுத்தாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. அதை அவரிடம் காட்டியதும் அவர் மகளின் கையை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்தார். "இது கிட்டத்து மண் இல்லைப் பிள்ளை. அடியிலை கிடந்த மண்" என்றார். அடியில் கிடந்ததெல்லாம் இப்போது கரைக்கு வருகிறது என்று அவர் கணக்குப் போட்டது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மறுநாளிலிருந்து அவர் கரைக்குப் போகத் தொடங்கினார். காலை ஆறரைக்கு வருகிற ரயில் போனபின் தண்டவாளத்தைக் கடந்து இறங்குவார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தேங்காய்ப்பால் வடிகட்டும் சல்லடை. எனக்குச் சீனி வருத்தம். டொக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால் நானும் அதே நேரத்தில் அங்கே நடந்துகொண்டிருப்பேன். ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் ஒரு சட்டம் போட்டார். "என்ன எடுத்தாலும் எனக்குக் காட்டிப்போட்டுத்தான் கொண்டு போகோணும். சுறாப் பல்லெண்டால் ஓட்டை போட்டு நூல் கோத்துத் தருவன்." பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு தேடினார்கள். பல் மாமா என்று பெயரும் வைத்தார்கள். ஐந்தாறு வீட்டுப் பிள்ளைகளின் கழுத்தில் கறுத்த பற்கள் ஆடின.

"காட்டு" என்பார். பிள்ளை கையை விரிக்கும். குனிந்து பார்ப்பார். சுறாப் பல் என்று தெரிந்ததும் அவருடைய தோள் இறங்கும். அது ஏமாற்றமா ஆறுதலா என்று எனக்குப் பிடிபட்டதே இல்லை. தாங்கள் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் பிள்ளைகள் தேடுகிறார்கள் என்பது பிறகு எனக்குத் தெரிய வந்தது. என் மகளை நிறுத்தலாமா என்று யோசித்தேன். நிறுத்தவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஒரு நாள் கடற்கரையில் நின்ற பொலிஸ்காரர் ஒருவர் அவரை மறித்துச் சிங்களத்தில் கேட்டார். "மொனவத மே ஹொயன்னே?" என்ன தேடுகிறாய் என்ற அந்தக் கேள்வியில் கோபம் எதுவும் இல்லை, வெறும் விடுப்புக் கேட்கும் ஆவல்தான். அவர் சல்லடையை நீட்டினார். "மோர தத், மஹத்தயா." சுறாப் பல், ஐயா. பொலிஸ்காரர் ஒன்றை எடுத்துப் பார்த்தார். தன் மகனுக்கென்று கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவு நேரமும் இவர் அந்தப் பொலிஸ்காரரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "கீழ் வரிசை எல்லாம் ஆட்டம் கண்டிட்டுது. இன்னும் ரெண்டு வருசம் தாங்காது" என்று என்னிடம் சொன்னார்.

கரையிலிருந்து திரும்பும்போது இடியப்ப மேசையைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்த அம்மா ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்பா.

"ஐயா, இன்னைக்கு என்னா கெடச்சிச்சு?"

"சுறாப் பல்லுத்தான்."

அவ தலையை ஆட்டிவிட்டு இடியப்பத்தை வாழையிலையில் வைப்பா. இதற்குமேல் அவர்கள் கதைத்து நான் கேட்டதில்லை. அவர் எதைத் தேடுகிறார் என்று அவ தானாகவே ஊகித்திருக்க வேண்டும்; அந்தப் பதில் அவவுக்கு நல்ல சேதி. கடலில் தன் மகன் இல்லை, வேறெங்கோ இருக்கிறான் என்று இன்னும் ஒரு நாளைக்கு நம்பலாம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிய வந்தது என்று சொன்னால் என்னைச் செருப்பால் அடிப்பீர்கள். கொட்டாஞ்சேனையில் என் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டுமே என்று ஒரு பெரிய பால் சுறாவை வாங்கி வந்து அவித்து, முள் எடுத்து, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் போட்டு வறை வறுத்தேன். மிஞ்சியதை ஒரு பாத்திரத்தில் போட்டு மேல் மாடிக்குக் கொண்டு போனேன். அக்கம்பக்கத்தில் கொடுத்து வாங்குவது வழக்கம்தானே. அன்ரி மூடியைத் திறந்து மணந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசம். எங்கடை மகனுக்கு உயிர்" என்றா. அவர் பின்னறையிலிருந்து எழுந்து வந்து மூடியை எடுத்துத் திரும்ப மூடினார்.

"அது என்னத்தைத் திண்டு வளந்ததோ ஆருக்குத் தெரியும்" என்றார்.

"மீன் மீனைத் தின்னும். வேறை என்னத்தைத் தின்னும்?" என்றா அன்ரி.

அவர் மூடியை இன்னொரு தடவை அழுத்தினார். "ஓம், மீனைத்தான்" என்றார்.

பாத்திரத்தைக் கையில் தந்து என்னோடு படியிறங்கி வந்தார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னார். கதவைத் தட்டிய ஆளை, மகனின் இடப்பக்க முன்பல்லை, சல்லடையை. "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை" என்று என் வாயைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார். அந்த வறையை நான் வீட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே குப்பையில் கொட்டினேன். ஒழுங்கைக்கே ரேடியோவான நான் அன்றைக்கு வாயை மூடினேன்.

இரண்டு வருசம் இப்படிப் போனது. போன வருசத்துக்கு முந்திய வருசம் தென்மேல் பருவக் காற்று பேயாட்டம் ஆடியது. கடல் தண்டவாளக் கல் வரைக்கும் ஏறி வந்தது. காற்று அடங்கிய கிழமை, மகளின் பென்சில் பெட்டியில் அழிறப்பர் தேடியபோது என் விரலில் ஏதோ குத்தியது. கடுதாசியில் சுற்றி வைத்திருந்தாள். ரோசாப்பூ நிறம் வெளிறிய ஒரு தகடு. ஓரத்தில் வெள்ளைச் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரே ஒரு முன்பல். இரண்டு கம்பிகளில் ஒன்று முறிந்திருந்தது. அந்த முறிவுதான் குத்தியது. மற்றக் கம்பியின் முனையில் கடுகளவு வளையம்.

என் நாக்கு வாய்க்குள் இருந்த வளையத்தைத் தொட்டது. இரண்டும் ஒன்றுதான்.

"பல் மாமாட்டை ஏன் காட்டேல்லை?" என்று மகளைக் கேட்டேன்.

"காட்டினா அவர் வைச்சிருப்பார். எனக்குக் கிளாஸிலை எல்லாரையும் பயப்பிடுத்தோணும்."

அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்க மனம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அவருடைய கம்பி வளையம் இருந்தால் அது அவருடைய மகனுடையதுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பாதி ரோட்டின் வாய்களில் அந்த வளையம் இருக்கிறது, என் வாயிலேயே இருக்கிறது என்பது அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை. அதை எடுத்துக்கொண்டு மேலே போவதா, ஜன்னலால் கடலை நோக்கி எறிவதா என்று மத்தியானம் முழுக்க உருண்டேன். கடைசியில் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு படியேறினேன்.

அன்ரி ஹோலில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. "என்ன பிள்ளை, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு?" என்றா. பல் கம்பி ஆடுகிறது என்று பொய் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனேன். முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தேன்.

அவர் விளக்கைக் கிட்ட இழுத்தார். தகட்டை எடுத்து வளையத்தைப் பார்த்தார். பிறகு திருப்பினார். பல்லின் பக்கத்தைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்து மறுபடியும் பார்த்தார்.

"என்ரை வேலைதான்" என்றார். "ஆனா இது வலப்பக்கம். அவனுக்கு இடப்பக்கம்."

பிறகு சிரித்தார். கை வாய்க்குப் போகவில்லை. முதன்முறையாக அவருடைய பற்களைக் கண்டேன். சின்னச் சின்னதாய், தேய்ந்து, பழுப்பேறி, இடைவெளி விட்ட சொந்தப் பற்கள். இவ்வளவு பேருக்கும் பல் கட்டியவர் தனக்கென்று ஒன்றும் செய்துகொள்ளவில்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மகனுடையது இல்லை என்ற சந்தோசம் ஒரு மனிதரின் முகத்தை அப்படி ஆக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"அப்ப இது ஆற்றை பல்லு, அங்கிள்?"

அவர் பல்லை விளக்குக்குப் பிடித்தார். "கொஞ்சம் மஞ்சள் கலந்து நிறம் எடுத்திருக்கு. டெலிபோன் கடைப் பொடியன் வெத்திலை போடுவான். மலைநாட்டுப் பழக்கம். சைக்கிளாலை விழுந்து பல்லை உடைச்சுக்கொண்டு வந்தவன். என்ரை மகன்தான் கூட்டிக்கொண்டு…"

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். சிரிப்பு வாயில் அப்படியே நின்றது. பிறகு கை எழுந்து வாயை மூடியது.

"ரெண்டு பேரையும் ஒரே வானிலைதான் ஏத்தினவங்கள், பிள்ளை" என்றார்.

ஹோலில் அன்ரி வெங்காயத் தட்டை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "என்ன, கம்பி சரியாயிட்டுதே?" என்று கேட்டா. அவர் "ஓம், சரியாயிட்டுது" என்று பதில் சொன்னார். குரல் எப்போதும் போலவே இருந்தது.

அந்தத் தாய்க்குச் சொல்லத்தான் வேண்டும் என்று நான் மல்லுக்கு நின்றேன். "அவ ஒவ்வொரு நாளும் ஒரு பொதி கட்டி வைச்சுக்கொண்டு இருக்கிறா. இது பெரிய பாவம்" என்றேன்.

"அவவுக்குச் சொன்னால் பின்னேரம் இங்கை தெரிஞ்சிடும். இவள் உள்ளுக்கை சேட்டு அடுக்கி வைச்சிருக்கிறாள். நான் என்னெண்டு சொல்ல?" என்றார். "ஒரு பல்லைக் காட்டி ரெண்டு பிள்ளையளைச் சாகக் குடுக்கச் சொல்றியளே?"

நாளைக்குக் காலையில் மேசையடியில் அவரே சொல்லுவார், அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தால் மனம் மாறும் என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

மறுநாள் வேண்டுமென்றே அவர் திரும்பும் நேரத்துக்கு இடியப்ப மேசையில் போய் நின்றேன். அவர் சல்லடையோடு வந்தார்.

"ஐயா, இன்னைக்கு என்னா கெடச்சிச்சு?"

அவர் முதல் முறையாக அந்த அம்மாவின் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தார். சொல்லப்போகிறார் என்று நினைத்து நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"சுறாப் பல்லுத்தான்" என்றார்.

அவ தலையை ஆட்டினா. சம்பலை வைத்தா. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. பொதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் ஒரு நாள் தவறாமல் கரைக்குப் போனார். ஆனால் குனியவில்லை. சல்லடை உலர்ந்தபடியே திரும்பி வரும். பிள்ளைகள் கையை நீட்டினால், பார்க்காமலே "சரி, கொண்டு போங்கோ" என்பார். நூல் கோக்கவும் இல்லை. பிள்ளைகளுக்கு அலுத்துப்போய் விளையாட்டை விட்டுவிட்டார்கள். பல் வைத்தியர்கள் அனுப்பிய அச்சுகள் பின்னறையில் தூசி படிந்து கிடந்தன. மனிதர்களோடு கதைக்கும்போது இப்போது கண்ணைத்தான் பார்த்தார். அது யாருக்கும் பிடிக்கவில்லை. முன்பு வாயைப் பார்த்ததே நன்றாக இருந்தது.

இந்த வருசத் தொடக்கத்தில் நெஞ்சுவலி வந்து படுத்தார். பார்க்கப் போனபோது அன்ரியைத் தேத்தண்ணி போட அனுப்பிவிட்டுத் தலையணைக்குக் கீழே கையை விட்டு ஒரு நெருப்புப்பெட்டியை எடுத்தார். குலுக்கிப் பார்க்காமலே உள்ளே இருப்பது அந்தப் பல் என்று எனக்குத் தெரிந்தது. என் கைக்குள் வைத்து விரல்களை மூடினார்.

"உங்களுக்கு வாய் சும்மா இருக்காது எண்டு எனக்குத் தெரியும்" என்றார். "எண்டாலும் உங்களிட்டைத்தான் குடுக்கலாம்."

மூன்றாம் நாள் போய்விட்டார். செத்த வீட்டில் அன்ரி, மகனுக்கு எப்படித் தகவல் அனுப்புவது என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தா. நெருப்புப்பெட்டி என் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. மூன்று தடவை அதைக் கையில் எடுத்துக்கொண்டு இடியப்ப மேசைக்குப் போயிருக்கிறேன். மூன்று தடவையும் இடியப்பத்தோடு திரும்பியிருக்கிறேன்.

சீனி வருத்தம் என்னை விடவில்லை. இன்று காலையும் நடந்துவிட்டு வந்தேன். வழி முழுக்க மணலைப் பார்த்துக்கொண்டே நடப்பது எனக்கும் பழகிவிட்டது. ஒழுங்கை முகப்பில் அந்த அம்மா என்னைக் கண்டதும் இலையை எடுத்தா.

"ஐயா இல்லாம கரையில பாக்குறதுக்கு இப்ப நீங்க மட்டுந்தானே அம்மா" என்றா. "இன்னைக்கு என்னா கெடச்சிச்சு?"

மேசையில் தட்டால் மூடிய பொதி இருந்தது. என் நாக்கு போய் வளையத்தைத் தொட்டது.

"சுறாப் பல்லுத்தான்" என்றேன்.